கேபிளுக்குக் குடை பிடித்தது யார்?

அத்தியாயம் 11

"பாஸ், விழுறதா இருந்தா இந்தப் பக்கமா விழுங்க. அந்தப் பக்கம் துணி காயுது."

மொட்டை மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் பாதி வழியில் துப்பறியும் நிபுணர் நின்றுகொண்டிருந்தார். மேலே போகத் தைரியம் இல்லை. கீழே இறங்க மானம் இடம் கொடுக்கவில்லை. அவருடைய தொழில் வாழ்க்கை முழுவதும் ஏறக்குறைய இந்த உயரத்தில்தான் கழிந்திருந்தது.

"நான் விழ மாட்டேன், குண்டூசி."

"போன கேஸ்லயும் இப்படித்தான் சொன்னீங்க, சமையல்காரர்தான் திருடன்னு."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டுலயும் குரல்ல அதே நம்பிக்கை."

குண்டூசி அவருடைய உதவியாளர். ஒல்லி. எங்கே குத்தினாலும் ரத்தம் வராது, வலி மட்டும் வரும். இதற்கு முன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தவள். நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களைக் கேள்வி கேட்டே, 'எங்களுக்கு ஒரு நஷ்டமும் ஆகவில்லை, ஆளை விடுங்கள்' என்று சொல்லவைத்து அனுப்புவது அங்கே அவள் வேலை. நிபுணரின் அலுவலக வாசலில் 'தனியார் துப்பறியும் நிபுணர்' என்று பலகை தொங்கியது. ஊர் முதலிரண்டு சொற்களை உதிர்த்துவிட்டு 'நிபுணர்' என்று மட்டும் கூப்பிட்டது. அதை அவர் மரியாதை என்றே எடுத்துக்கொண்டிருந்தார். கூப்பிடுகிறவர்களின் முகத்தை அவர் கவனித்ததில்லை. கவனிப்பது அவருக்குத் தொழில், பொழுதுபோக்கு இல்லை.

ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்தான் இந்த வழக்கைக் கொண்டுவந்தவள். பல் செட் செய்வது அவள் தொழில். காலையில் அறிமுகமானதிலிருந்து குண்டூசிக்கு அவள் 'அக்கா'. கடலில் இருக்கும் ஒருவனுக்குத் தங்கை.

அந்த அண்ணன் ஒரு பழைய பாய்மரப் படகைத் தனியாளாக ஓட்டிக்கொண்டு போய், அதை வாங்கியவரிடம் தூரத்துத் துறைமுகம் ஒன்றில் ஒப்படைக்கக் கிளம்பியவன். படகின் பெயர் சின்னக்குருவி. அதில் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ ஒன்று இருந்தது. கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். அதற்கு ஜோடியாக இன்னொன்று தங்கையின் வீட்டில். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணன் கூப்பிடுவான், தங்கை பதில் சொல்லுவாள். போன வியாழக்கிழமை அவன் கூப்பிடவில்லை. வெள்ளியும் இல்லை, சனியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடல் தேடல் அலுவலர் போனில் கணக்கைச் சொன்னார். வியாழனன்றே படகு முழுகியிருந்தால், தண்ணீரில் ஒரு மனிதன் தாங்கக்கூடிய காலம் தாண்டிவிட்டது. தேடும் படகுகளைத் திருப்பிக் கூப்பிட வேண்டியதுதான்.

"ஒருவேளை எங்க வீட்டு ஆண்டெனா அன்னிக்கே செத்துப்போயிருந்தா?" என்று தங்கை கேட்டிருக்கிறாள்.

அப்படியானால் கணக்கே வேறு, என்றிருக்கிறார் அலுவலர். அவன் பேசியிருக்கலாம், இங்கேதான் கேட்டிருக்காது. படகு இன்னும் மிதந்துகொண்டுகூட இருக்கலாம். வெளியாள் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும், திங்கட்கிழமை பொழுது சாய்வதற்குள்.

இன்று திங்கட்கிழமை. சூரியன் ஏற்கெனவே எதிர்க் கட்டடத்தின் தோளில் கை போட்டுக்கொண்டிருந்தது.

"இந்தக் கம்பி எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லுங்க," என்றார் நிபுணர். விவரம் கேட்பதுபோல் இன்னும் சற்று நேரம் அதே படியில் நிற்கலாம் என்பது அவருடைய திட்டம்.

"முதல்ல நெட்டுக் கம்பம் வைக்கலாம்னுதான் அண்ணன் சொன்னான், சார்," என்றாள் தங்கை. "ஒத்தைக் கம்பி, வானத்தைப் பார்த்து நிக்கும். இடம் அடைக்காது. ஆனா அது எல்லாப் பக்கமும் கேட்கும். எல்லாப் பக்கமும்னா லிஃப்ட் மோட்டார், தெருவிளக்கு, பக்கத்து வீட்டு மிக்சி, எல்லாம்."

"எங்க பாஸ் மாதிரி," என்றாள் குண்டூசி. "எல்லாம் கேட்கும், ஒண்ணும் பிரியாது."

தங்கை சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்க வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உதடுகள் அந்த இடத்தை மட்டும் காட்டிவிட்டு மூடிக்கொண்டன.

"அதான் இந்த மாதிரி நீட்டுக் கம்பி போட்டோம். நடுவுல தூக்கிக் கட்டி ரெண்டு கையும் கீழே சரியும். கூடாரம் மாதிரி. இதுக்கு ரெண்டு பக்கந்தான் காது. வடக்கு தெற்கா இழுத்துக் கட்டினா கிழக்கையும் மேற்கையும் நல்லா கேட்கும். அண்ணன் போறது கிழக்கே. அவன் ரேடியோ ரொம்பச் சின்னது சார், கிழவர் இருமுற மாதிரிதான் சத்தம் வரும். அதைக் கேட்கணும்னா இங்கே நல்ல காது வேணும்னு, எவ்வளவு உயரமா முடியுமோ அவ்வளவு உயரமா வெச்சான்."

நிபுணர் அண்ணாந்து பார்த்தார். தொட்டிச் சுவரோடு இரண்டு இரும்புப் பட்டைகளால் இறுக்கிய குழாய். அதன் உச்சியிலிருந்து இரண்டு செம்புக் கம்பிகள் இரு பக்கமும் சரிந்து, கைப்பிடிச் சுவரின் மூலைகளில் நைலான் கயிற்றோடு முடிந்தன. காற்று அடித்தால் அறுந்துவிடாதபடி கயிற்றைச் சற்றுத் தொய்வாக விட்டிருந்தார்கள். கரண்டுக் கம்பி போகும் பக்கத்தை விட்டு விலக்கியிருந்தார்கள். குழாயிலிருந்து ஒரு கனத்த செம்பு ஒயர் இறங்கி, இடி விழுந்தால் நேரே மண்ணுக்குள் போகட்டும் என்று சுவரோரமாகப் போனது. இவ்வளவு அக்கறையாகத் தமக்கு யாரும் ஒரு சட்டை பொத்தான்கூடத் தைத்துக் கொடுத்ததில்லை என்று நிபுணருக்குத் தோன்றியது.

ஒருவழியாக மேல் படிக்குப் போனார். கையெட்டும் உயரத்தில், இரண்டு கம்பிகளும் சேரும் இடத்தில், வீட்டு ரேடியோவிலிருந்து ஏறிய கேபிள் வந்து சேர்ந்தது. அந்த இணைப்பு கறுப்பு டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. நிபுணர் பேனாக்கத்தியை எடுத்து அடியிலிருந்து கீறப்போனார்.

"கீழேர்ந்து வேண்டாம் சார்!" தங்கை சட்டென்று கத்தினாள். "மேல்முனையைப் பிடிச்சுப் பிரிங்க. கீழே ஆரம்பிச்சு மேலே முடிச்சது அது. ஓடு வேயுற மாதிரி, ஒரு சுத்து மேல இன்னொரு சுத்து ஏறி உட்காரும். அப்பத்தான் மழைத் தண்ணி உள்ளே போகாம வழிஞ்சு போகும். மாத்திச் சுத்தினா அண்ணன் மண்டையிலயே குட்டுவான்."

நிபுணர் மேலிருந்து பிரித்தார். டேப் நல்ல பிசினோடு, முரண்டு பிடிக்காமல் வந்தது. பிரித்ததைப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளே பார்த்தார்.

கேபிளின் நடுக்கம்பி இரண்டாக இருந்தது.

"வெட்டியிருக்கு!" அவர் குரல் கீச்சென்று வந்தது. "குண்டூசி! சதி! நான் சொன்னேனா இல்லையா?"

"நீங்க எதுவும் சொல்லலை பாஸ். ஏணியைப் பத்தி மட்டுந்தான் சொன்னீங்க."

வெட்டுப்பட்ட முனையை விரலால் தொட்டுப் பார்த்தார். குத்தவில்லை. வழவழவென்று தேய்த்து மழுக்கியிருந்தது. 'கைதேர்ந்த குற்றவாளி' என்று மனதில் குறித்துக்கொண்டார். தங்கை ஏணியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அப்ப வியாழக்கிழமையே வெட்டியிருப்பாங்கல்ல, சார்? அதனாலதானே கேட்கலை?"

"சந்தேகமே இல்லை."

"இதை ஆபீசர்கிட்ட சொல்லலாம்ல?"

"சொல்லலாமா? சொல்லியே ஆகணும். ஆனா அதுக்கு முன்னாடி ஆளைப் பிடிக்கணும். இந்த வீட்டுல இந்தக் கம்பியைப் பிடிக்காதவங்க யாரு?"

தங்கை தயங்கினாள். "கீழ்வீட்டு மியூசிக் மாஸ்டர் ஒருதரம் வெட்டிடுவேன்னு சொன்னார்தான். கோவத்துல சொன்னது. அவரை ஒண்ணும் பண்ணாதீங்க சார். யாருன்னு தெரிய வேண்டாம். வெட்டியிருக்குன்னு மட்டும் சொன்னாப் போதுமே?"

எதிரியைக்கூட விட்டுக்கொடுக்காத மனசு என்று நிபுணர் நெகிழ்ந்துபோனார். குண்டூசி மட்டும் அந்தப் பெண்ணின் முகத்தைத் தேவைக்கு அதிகமாகச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு, வழக்கத்துக்கு விரோதமாக, வாயை மூடிக்கொண்டு படி இறங்கினாள்.

*

மியூசிக் மாஸ்டரின் அறையில் ஒரு கீபோர்டும் ஒரு பெரிய ஸ்பீக்கரும் இருந்தன. ஸ்பீக்கரின் முகம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி.

"வாங்க, எதிர்பார்த்துட்டிருந்தேன்," என்றார் மாஸ்டர். வட்ட முகம், வட்டக் கண்ணாடி, அதற்குள் வட்டமான பயம்.

"போலீஸையா?" என்றார் நிபுணர் மிடுக்காக.

"இல்லைங்க, கேஸ் சிலிண்டர் ஆளை. நீங்க யாரு?"

குண்டூசி அறிமுகம் செய்துவைத்தாள். மாஸ்டரின் முகம் மலர்ந்தது. "ஓ! நிபுணரா? அந்தச் சமையல்காரரை..." என்று ஆரம்பித்தவர், குண்டூசியின் பார்வையைப் பார்த்துவிட்டு, "உட்காருங்க," என்று முடித்தார்.

நிபுணர் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டால்தான் குற்றவாளிகள் உண்மையைச் சொல்வார்கள் என்பது அவருடைய கொள்கை. இதுவரை யாரும் சொன்னதில்லை. அதனால் கொள்கை தேயாமல் புத்தம் புதிதாக இருந்தது.

"மேல்வீட்டு ஆண்டெனாவை வெட்டிடுவேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். நீங்களா இருந்தா வேற என்ன சொல்லுவீங்க? நான் வாசிக்க உட்கார்ந்தா இந்த ஸ்பீக்கர்ல வாத்து கத்துது."

"வாத்தா?"

"அந்த அம்மா மேலே மைக்ல பேசறது, எப்படியோ இதுக்குள்ள புகுந்து வருது. வார்த்தை புரியாது. 'குவா குவா'ன்னு மூக்கால வரும். பிள்ளைங்க பாட்டை விட்டுட்டு வாத்தைக் கேட்டுச் சிரிக்குதுங்க. என் பிழைப்பு என்ன ஆகும்?"

"அதனால கட்டிங் பிளேயரோட மாடிக்குப் போனீங்க."

ஒரு குருட்டு அம்புதான். எய்துவிட்டு நிபுணரே கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

"போனேன்," என்றார் மாஸ்டர்.

குண்டூசி நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள். நிபுணர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் 'ஆமாம்' என்று சொல்வதைக் கேட்டார். அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இதற்குமேல் போய்ப் பழக்கம் இல்லை.

"சனிக்கிழமை சாயங்காலம்," என்றார் மாஸ்டர். "பிளேயரை எடுத்துக்கிட்டுப் போனது நிஜம். தொட்டி ஏணியில பாதி ஏறினேன், கால் நடுங்கிடுச்சு. அதுகூடப் பரவாயில்லை. இங்கே ஸ்பீக்கர் ஓடிக்கிட்டே இருந்துச்சு, ஜன்னல் வழியா மேலே வரைக்கும் கேட்டுது. எப்பவும் வாத்து சாயங்காலம் கொஞ்ச நேரம் கத்தும், நின்னுடும். வியாழக்கிழமையில இருந்து நிக்கவே இல்லைங்க. ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப. கொஞ்சம் கத்தும், நிறுத்தும், பதிலுக்குக் காத்துட்டிருக்கிற மாதிரி. மறுபடி கத்தும். சனிக்கிழமை அது..." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வாத்து அழுது கேட்டிருக்கீங்களா? நான் சங்கீதக்காரன் சார். வார்த்தை புரியலைன்னாலும் சுருதி புரியும். இறங்கி வந்துட்டேன். அன்னிக்குத்தான் இதைச் சுவத்துப் பக்கம் திருப்பினேன்."

"நேத்து?" என்று கேட்டாள் குண்டூசி. குரல் மெல்லியதாக இருந்தது.

"நேத்து சாயங்காலம் சத்தமே இல்லை. அப்பாடான்னு கீபோர்ட்ல உட்கார்ந்தேன். வாசிக்க முடியலை. எப்ப கத்தும் எப்ப கத்தும்னு காதை அங்கேயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவங்க அண்ணன் வந்துட்டாரா?"

குண்டூசி எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

*

மாடிப்படியின் திருப்பத்தில் நிபுணர் நின்றார்.

"கேஸ் முடிஞ்சுது பாஸ்," என்றாள் குண்டூசி அவசரமாக. "மாஸ்டர்தான். பிளேயர் இருக்கு, கோவம் இருக்கு, ஒத்துக்கிட்டார். வாங்க, மேலே போய் ஆபீசருக்குப் போன் போட்டு வியாழக்கிழமை வெட்டினதுன்னு சொல்லிடலாம்."

"வியாழக்கிழமை வெட்டியிருந்தா சனிக்கிழமை வாத்து எப்படிக் கத்தும்?"

"பாஸ், வேண்டாம்."

"மேலே கம்பி உயிரோட இருந்தாத்தானே அவங்க பேச்சு வெளியே போகும், ஸ்பீக்கர்ல புகும்? வியாழன், வெள்ளி, சனி, மூணு நாளும் ஆண்டெனா நல்லா இருந்திருக்கு, குண்டூசி. காது நல்லா இருந்திருக்கு. அங்கேர்ந்துதான் ஒண்ணும் வரலை."

"யோசிக்காதீங்கன்னு சொல்றேன்ல. உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. எங்கேயாவது சுளுக்கிக்கும்."

அவர் பையிலிருந்து டேப்பை எடுத்தார். சுருள் சுருளாக ஒட்டிக்கொண்டு ஒரு கறுப்புப் பூ மாதிரி இருந்தது. பிசின் புதுசு. வெயில் ஒரு நாளுக்குமேல் பட்டதாகத் தெரியவில்லை.

"கெடுக்க வந்தவன் வெட்டிட்டு ஓடுவான். இது மாதிரி நின்னு நிதானமா, அடியில ஆரம்பிச்சு மேல முடிச்சு, மழை இறங்காம எவனாவது போர்த்திட்டுப் போவானா? கேபிளைக் கொன்னுட்டு அதுக்குக் குடையும் பிடிச்சிருக்காங்க." அவர் குரல் தாழ்ந்தது. "இப்படிச் சுத்தத் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் கடல்ல."

குண்டூசி சுவரில் சாய்ந்துகொண்டாள். கூர்மையெல்லாம் போய் வெறும் ஒல்லியாக நின்றாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

"மாடியிலயே. 'யாருன்னு தெரிய வேண்டாம்'னு சொன்னாங்க பாருங்க, அப்ப. காப்பீட்டு ஆபீஸ்ல பார்த்திருக்கேன் பாஸ். நிஜமா பறிகொடுத்தவங்க யாருன்னுதான் முதல்ல கேட்பாங்க." அவள் படியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நீங்க எப்பவும்போலத் தப்பா கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நம்பிட்டிருந்தேன். இன்னிக்குப் பார்த்துக் கவுத்துட்டீங்க."

*

தங்கையின் வேலையறையில் மேசை நிறையப் பல் செட்டுகள். மெருகேற்றக் காத்திருப்பவை ஒரு தட்டில், முடிந்தவை ஒரு தட்டில். எல்லாம் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் ரேடியோ. அதன் ஓரத்தில் மைக், தொங்காமல் ஒரு கொக்கியில் ஒழுங்காக மாட்டப்பட்டிருந்தது.

தங்கை எழுந்து நின்றாள். "ஆபீசர் இப்பக் கூப்பிடுவார் சார். மாஸ்டர்கிட்ட ஒண்ணும் கடுமையா பேசலையே?"

நிபுணர் ஒரு பல் செட்டை எடுத்து அதன் ஓரத்தை விரலால் தடவினார். வழவழவென்று இருந்தது.

"உங்க தொழில்ல எதை வெட்டினாலும் முனையைத் தேய்ச்சு மழுக்கிடுவீங்க, இல்லையா?"

"ஆமா சார். வாயில குத்திடும்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குக் கேள்வி புரிந்தது. நிற்க முடியாமல் உட்கார்ந்தாள். அறையில் பற்களைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை.

"நேத்து மத்தியானம்," என்றாள். "ஆபீசர் போனை வெச்சதும் போய் வெட்டினேன். தேய்க்கணும்னு நினைச்சுத் தேய்க்கலை. கை தானாத் தேய்ச்சிருக்கு."

"டேப்?"

"ஈரம் இறங்கினா கேபிள் முழுக்க வீணாயிடும் சார். வந்து பார்த்தான்னா திட்டுவான்."

குண்டூசி முகத்தைத் திருப்பிக்கொண்டு, படிப்பதற்கு எதுவும் இல்லாத ஒரு சுவரைக் கவனமாகப் படித்தாள்.

"நேத்து சாயங்காலம் அவர் கூப்பிட்டிருந்தா?" என்றார் நிபுணர். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. ஆனால் இன்று அவருடைய நாக்கில் சரியான கேள்விகள் மட்டுமே வந்தன. அது ஒரு வியாதி மாதிரி அவரைப் பிடித்திருந்தது.

"கூப்பிட்டிருக்க மாட்டான் சார். எனக்குத் தெரியும். தெரியாம இருந்தா நான் அந்தக் கம்பி மேல கை வெப்பேனா?" அவள் நிதானமாகவே பேசினாள். "அவன் இல்லைன்னு தெரியறது வேற. அவனைத் தேடறதை நிறுத்திட்டாங்கன்னு தெரியறது வேற. முதலாவதைப் பொறுத்துக்கிட்டேன். ரெண்டாவது முடியலை. எங்க ரெண்டு பேருக்கும் வேற யாரும் இல்லை. தேடறதுக்கு நான் ஒருத்தி, எனக்குப் படகு இல்லை."

நிபுணர் கையிலிருந்த பல் செட்டைத் தட்டில் திருப்பி வைத்தார். பிறகு, அவ்வளவு நேரமாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டார்.

"ஒண்ணுதான் எனக்குப் புரியலை. நீங்களே வெட்டிட்டு, கண்டுபிடிக்க என்னை ஏன் கூப்பிட்டீங்க?"

தங்கை குண்டூசியைப் பார்த்தாள். குண்டூசி சுவரில் அடுத்த பக்கம் படிக்கப் போய்விட்டாள்.

"ரேடியோ மெக்கானிக்கைக் கூப்பிட்டா ஒரே நிமிஷத்துல டேப் புதுசுன்னு சொல்லிடுவார். போலீஸும் அப்படித்தான். விசாரிச்சேன் சார். ஊர்ல எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க. 'அவரைக் கூட்டிட்டுப் போங்க, கண் எதிர்ல இருக்கிறதைப் பார்ப்பார், அதுக்கு மேல ஒண்ணும் கண்டுபிடிக்க மாட்டார்'னு." அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சுக்குங்க."

துப்பறியும் நிபுணர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். இத்தனை ஆண்டுகளில் அவர் சரியாகக் கண்டுபிடித்த முதல் வழக்கு இதுதான். கண்டுபிடிக்க மாட்டார் என்று நம்பி ஒப்படைக்கப்பட்ட வழக்கும் இதுதான்.

"வாழ்த்துகள் பாஸ்," என்றாள் குண்டூசி, சுவரைப் பார்த்தபடியே. அவள் குரலில் குத்தும் பகுதி எதுவும் இல்லை.

போன் அடித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். மறுபடி அடித்தது. தங்கையின் கை எழும்பவே இல்லை. நிபுணர் எடுத்தார்.

"தேடல் அலுவலகம்." களைத்த குரல். பின்னணியில் வேறு போன்களும் வேறு களைத்த குரல்களும். "அந்த ஆண்டெனா விஷயம். பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு. கேபிள் அறுந்திருக்கு."

"எப்பலேர்ந்து?"

நிபுணர் தங்கையைப் பார்க்கவில்லை. பார்த்தால் உண்மை வந்துவிடும் போலிருந்தது. "வியாழக்கிழமை காலையிலேர்ந்து."

குண்டூசி திரும்பினாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா." போன கேஸில் இருந்த அதே நம்பிக்கை குரலில் வந்துவிட்டது. அதற்காக அவர் தம் குரலுக்கு மனதுக்குள் நன்றி சொன்னார்.

"யார் அறுத்தது?"

இதை அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மாஸ்டர் நினைவுக்கு வந்தார். அவரைச் சொல்ல முடியாது. எதிரில் இருப்பவளைச் சொல்ல முடியாது.

"எலி," என்றார்.

"எலியா?"

"பெரிய எலி."

குண்டூசி நெற்றியில் அடித்துக்கொண்டாள். மறுமுனையில் யாரோ ஒரு நாற்காலியை இழுக்கும் சத்தம், ஒரு கதவைச் சாத்தும் சத்தம். பிறகு அலுவலர் தாழ்ந்த குரலில், அலுவலகத்தை விட்டு வெளியே வந்து பேசுவதுபோல் பேசினார்.

"நீங்கதானே அந்த நிபுணர்?"

"ஆமா."

"கேள்விப்பட்டிருக்கேன்." மூச்சை விட்டார். "அந்தம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க."

"எலின்னே வெச்சுக்குவோம் சார். படகுங்க இன்னிக்கு ராத்திரியும் நாளைக்கும் அங்கேயே நிக்கட்டும். நாளைக்கு ஒரு நாள். அதுக்கு மேல எந்த எலி கடிச்சாலும் என்னால முடியாது. புரியுதுங்களா?"

"புரியுது."

"அந்தக் கேபிளைச் சரிபண்ணிடச் சொல்லுங்க. எங்க படகுங்க அவரோட அலைவரிசையிலதான் கூப்பிட்டுக்கிட்டிருக்கு. அந்தம்மாவும் கேட்கட்டும்."

*

தங்கை ஏணியில் ஏறிய வேகத்தைக் காலையிலேயே பார்த்திருந்தால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். உச்சியில் நின்று, கேபிளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்டி, உறையைச் சீவி, செம்பை முறுக்கி, கனெக்டரைப் போட்டுத் திருகினாள். குண்டூசி டார்ச் பிடித்தாள். நிபுணர் புது டேப்பைக் கொடுத்தார். அடியில் ஆரம்பித்து, ஒவ்வொரு சுற்றும் கீழ்ச் சுற்றின் மேல் பாதி ஏறி உட்கார, மெதுவாக மேலே கொண்டுபோனாள். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் அதை ஒரு வளையமாகத் தொங்கவிட்டாள், வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிட வேண்டும் என்று. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

கீழே வந்து ரேடியோவைப் போட்டார்கள்.

இரைச்சல் வந்தது. பொரி வறுபடுகிற மாதிரி, பெரிய, வெறுமையான இரைச்சல். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து செத்துக் கிடந்த பெட்டியில் அதுவே ஒரு உயிர் மாதிரிதான் இருந்தது. தங்கை திருகைக் கொஞ்சமாகத் திருப்பினாள். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல், மூக்கால் பேசுவதுபோல் எழும்பித் தெளிந்தது.

"...சின்னக்குருவி, சின்னக்குருவி, சின்னக்குருவி. தேடல் படகு கூப்பிடுது. கேட்குதா? ஓவர்."

பிறகு அவர்கள் பேசாமல் இருந்தார்கள். பதில் சொல்பவனுக்காக விடப்படும் இடம் அது. முறைப்படி விட்டார்கள், குறைக்கவில்லை. அறையில் மூன்று பேரும் அந்த இடம் முடியும்வரை மூச்சு விடவில்லை. நிபுணருக்குக்கூட ஒரு கணம், தாம் கண்டுபிடித்ததெல்லாம் எப்போதும்போல் தப்பாக இருக்கக்கூடாதா என்று தோன்றியது. வாழ்க்கையில் அவர் அவ்வளவு ஆசையாகத் தப்பாக இருக்க விரும்பியதில்லை.

"பதில் இல்லை," என்றது குரல், வேறு யாரிடமோ. "வரைபடத்துல அடுத்த கட்டத்துக்குப் போறோம். ஓவர்."

தங்கை கொக்கியிலிருந்து மைக்கை எடுத்தாள். பொத்தானை அழுத்தினால் பேசலாம், ஆனால் அழுத்தியிருக்கும்வரை எதுவும் கேட்காது. அதனால் சற்றுநேரம் அழுத்தாமலே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அழுத்தினாள்.

"தேடல் படகு, இது சின்னக்குருவியோட வீடு. ஆண்டெனா சரியாயிடுச்சு. அங்கே நீரோட்டம் தெற்கு பார்த்து இழுக்கும்னு அண்ணன் சொல்லியிருக்கான். கொஞ்சம் தெற்கே போய்ப் பாருங்கண்ணா. ஓவர்."

இரைச்சல். நிபுணர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். குண்டூசி தனக்கு எதிரே சிரித்துக்கொண்டிருந்த ஒரு பல் செட்டை மெதுவாகச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள்.

"வீடு, கேட்குதும்மா." குரல் வெகு தூரத்திலிருந்து, வெகு மென்மையாக வந்தது. "நாங்க தெற்கே பார்த்துட்டுத்தான் வர்றோம். ஓவர்."

தங்கை தலையாட்டினாள். அவர்களுக்குத் தெரியாது என்பது நினைவு வந்ததும் பொத்தானை அழுத்தினாள்.

"அப்ப இன்னும் கொஞ்சம் தெற்கே," என்றாள். "ஓவர்."